சோதனை அழைப்புகள் பத்து

அத்தான் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியும் அக்கா போனை மடியை விட்டு இறக்கவில்லை. குளிக்கப் போனால் குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்வாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று அவளிடம் கேட்கலாம்தான். கேட்கிற தைரியம் அந்த வீட்டில் கூட இருந்த ஒரே ஆளான தங்கைக்கு இல்லை.

தங்கையைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சின்னவள் என்பார்கள். வயது முப்பத்தாறு ஆகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு வேறு பெயர், எக்ஸ்ரே. ஒரு மொபைல் நெட்வொர்க்கின் கண்காணிப்பு அறையில் அவளுக்கு வேலை. ஜனங்கள் போனில் பேசுவதை அவள் கேட்பதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கக்கூடும், அது நமக்கு எதற்கு. அந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்னால் இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் அவள் படிப்பாள். நாம் எண்ணை அழுத்திக் காதில் வைத்து மணிச்சத்தம் கேட்பதற்குள், அந்த ஆள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார், எந்த டவருக்குக் கீழே இருக்கிறார் என்று இருபது முப்பது செய்திகள் அங்கும் இங்கும் ஓடி முடித்திருக்கும். அதற்குப் பெயர் சிக்னலிங். ஓடுவதெல்லாம் பதிவாகும். மற்றவர்களுக்கு அது எறும்பு ஊர்ந்த தாள். அவளுக்கு அது காலைப் பத்திரிகை.

அக்கா தங்கை வீட்டுக்கு வந்தது சண்டை போட்டுக்கொண்டு. அத்தானுக்கு மாடிப்படி ஏறினால் மார்பை அடைத்தது. டாக்டரிடம் போகச் சொன்னதற்கு "வாயு" என்றார். ஒரு மாதம் கெஞ்சினாள். அடுத்த மாதம் கத்தினாள். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து காட்டுற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்" என்று கிளம்பினாள். மனுஷன் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாராம்.

"உயிர் போற மாதிரி இருந்தா கூப்பிடுறேன். அப்பவாவது வருவியா?"

"அப்ப வருவேன்" என்றாளாம் அக்கா.

இரண்டு வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு நிமிஷ நடை. ஐந்து வாரம் இருவரும் வீம்பு பிடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் தண்ணீர் மோட்டாரைப் போட்டார், நிறுத்தவில்லை. மேல்தொட்டி வழிந்து, தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி, மதியம் கீழ்வீட்டுக்காரரின் செருப்புகளை மிதக்கவிட்டது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று மேலே போன அந்த மனிதர்தான் கதவை உடைத்தார். அவர்தான் அக்காவுக்கு போன் செய்தார். அந்த அழைப்பு முதல் தடவையிலேயே வந்து சேர்ந்தது.

உயிர் பத்தரை மணிவாக்கில் போயிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதற்கு மேல் எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "வலி ஆரம்பிச்ச உடனே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தானின் போன் பூட்டிக் கிடந்தது. ரகசிய எண் யாருக்கும் தெரியாது. அவருடைய தம்பி கல்யாண நாள், பிறந்த நாள் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க, பத்தாவது தப்புக்கு அது எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு புது போன் மாதிரி வணக்கம் சொன்னது. அதில் இருந்த கடைசிச் சாட்சியும் போயிற்று.

அக்காவுக்கு அதிலிருந்து ஒரே கேள்விதான். சாவைவிட அந்தக் கேள்வி அவளை அதிகமாகத் தின்றது.

"என்னைக் கூப்பிடுறேன்னாரு. கூப்பிடவே இல்லையேடீ. உயிர் போறப்பகூடவா என் மேல அவ்வளவு கோவம்?"

"திடீர்னு ஆகியிருக்கும்க்கா. போன் எடுக்க நேரம் இருந்திருக்காது."

"மோட்டார் போட நேரம் இருந்திருக்கு." மறுபடி ஆரம்பிப்பாள். "ஊர்ல இருக்கறவன் போனையெல்லாம் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க. எங்க வீட்டுக்காரர் போனை ஒரு தடவை பார்த்துச் சொல்ல மாட்டியா?"

பார்க்கக் கூடாது. சொந்தக்காரர்களின் பதிவைத் தோண்டினால் வேலை போய்விடும், அது எழுதி ஒட்டியிருக்கிற விதி. ஆனால் சின்னவள் இத்தனை நாள் தட்டிக் கழித்ததற்கு விதி மட்டும் காரணம் இல்லை. கூப்பிடவில்லை என்று தெரிந்துவிட்டால் அதை எந்த முகத்தோடு வந்து சொல்வது? கூப்பிட்டிருப்பார் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. கூப்பிட்டிருந்தால் மணி அடித்திருக்குமே.

இருபத்திரண்டாம் நாள் காலை அக்கா தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் அசையாமல் நின்றாள். கல்லில் தோசை கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. அவள் பார்வை போனில் இருந்தது. அன்றைக்கு அலுவலகம் போனதும் முதல் வேலையாகச் சின்னவள் அத்தானின் எண்ணைத் தேடல் பெட்டியில் அடித்தாள்.

கண்காணிப்பு அறையில் ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்கத் திரைகள். இயந்திரங்களை இணைக்கிற லிங்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நன்றாக இருந்தால் பச்சை, படுத்தால் சிவப்பு. அறைக்கு மேலாளர் ஒருவர் உண்டு. உள்ளே நுழையும்போதே "எல்லாம் பச்சையா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம், ஆகவே அவருக்குப் பச்சை விளக்கு என்று பெயர். அன்றைக்கும் கேட்டார். எல்லாம் பச்சை என்றார்கள். திருப்தியாக உள்ளே போனார்.

அந்த ஞாயிறு, காலை பத்து முதல் பதினொன்று வரை. திரையில் மூன்று வரிகள் வந்தன.

பத்து பன்னிரண்டு. பத்து பதின்மூன்று. பத்து பத்தொன்பது.

மூன்றும் அத்தானின் எண்ணிலிருந்து அக்காவின் எண்ணுக்கு. மூன்றும் வேறு நெட்வொர்க்கிலிருந்து இவர்களுடைய வாசல் வரை வந்திருந்தன. மூன்றின் முடிவிலும் ஒரே காரணம்: இப்படி ஒரு எண் இல்லை.

சின்னவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தாள். வரிகள் அங்கேயே இருந்தன.

இந்த இடத்தில் சிக்னலிங் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவள் செய்த தப்பு என்னவென்று புரியாது. புதிதாக வருகிறவர்கள் கேட்டால் அவள் உறைக்குள் உறை என்பாள். நடுவில் ஒரு சின்னத் தாள், அதில் ஒரே கேள்வி: இந்த எண்ணுக்காரர் இப்போது எங்கே? அதை ஒரு உறையில் போட்டு, எந்தப் பதிவேட்டிடம் கேட்க வேண்டும் என்று முகவரி எழுதுவார்கள். அந்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டு, வழி பிரித்து அனுப்புகிற அடுத்த இயந்திரம், அதாவது அடுத்த சந்திப்பு, எது என்று மட்டும் எழுதிக் கம்பியில் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு அடுக்கும் தன் உறையை மட்டும் பிரிக்கும். உள்ளே இருப்பதை எட்டிப் பார்க்காது. வெளி உறைக்காரன், உறை வந்து சேர்ந்ததும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவான். உள் முகவரி யாருக்காவது புரிந்ததா என்பது அவன் கவலை இல்லை. இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டதால்தான் இத்தனை கோடிப் பேர் ஒரே நேரத்தில் பேச முடிகிறது. ஆனால் அந்தக் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, கடிதத்தைப் படித்துவிட்டார்கள் என்று ஒரு மனுஷி முடிவு கட்டினால், அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும்.

அத்தானின் அழைப்பு மூன்று தடவையும் கீழ் அடுக்குகளைத் தாண்டியிருந்தது. மூன்று தடவையும் பெற்றுக்கொண்டேன் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, முகவரி அடுக்கில், உறையைப் பிரித்த சந்திப்பு முகவரியைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு பதிவேடே எனக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பியிருந்தது.

வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு வாசலில் இரண்டு சந்திப்புகள் உண்டு. பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். ஒரு கேள்வி இதற்கு, ஒரு கேள்வி அதற்கு என்று போகும்; ஊரெல்லாம் கூப்பிடுகிற நெரிசலில் யாருடையது எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. எண்ணை மாற்றாமல் வேறு நெட்வொர்க்கிலிருந்து இங்கே குடியேறியவர்களுக்காக இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புதுப் பதிவேடு திறந்தார்கள். அதன் முகவரியை இரண்டு சந்திப்புகளின் பட்டியலிலும் எழுத வேண்டும். கீழ் அடுக்கில் ஒன்றில் எழுதினால் மற்றது தானாகப் பார்த்து எழுதிக்கொள்ளும். முகவரி அடுக்குக்கு அந்தச் சமர்த்து இல்லை. இரண்டிலும் கையால் எழுத வேண்டும்.

முதல் சந்திப்பில் அந்த வரி இருந்தது. இரண்டாவதில் இல்லை. எழுதியவர் யார் என்று பார்த்தாள். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தாள். அவள் பெயர்தான்.

தேதியையும் பார்த்தாள். அந்தப் பிற்பகல் அவளுக்கு நன்றாக நினைவு இருந்தது. முதல் சந்திப்பில் எழுதி முடித்து இரண்டாவதைத் திறக்கப் போகிற நேரம், அக்காவின் அழைப்பு: "உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்டீ. சாவி எங்க வச்சிருக்க? பெட்டியோட வந்துட்டேன்." அழுகிற குரல். இப்படி ஒரு முகவரி எழுதினால் வேறு நெட்வொர்க் போனிலிருந்து பத்துச் சோதனை அழைப்பு போட வேண்டும் என்பது விதி. பத்து என்று எதற்கு வைத்தார்கள் என்றால், இரண்டு சந்திப்பையும் தொட்டுப் பார்க்கத்தான். அவள் இரண்டு போட்டாள். இரண்டும் மணி அடித்தன; இரண்டுமே முதல் சந்திப்பு வழியாகப் போயிருக்கின்றன, விதிவசம். படிவத்தில் பத்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த அறையில் யாருமே எப்போதுமே பத்துப் போடுவதில்லை. இரண்டு போட்டுவிட்டுப் பத்து என்று எழுதுவது அங்கே ஊரறிந்த ரகசியம்.

அதோடு நின்றிருந்தாலும் தேவலை. அடுத்த வாரமே ஒரு மருந்துக்கடைக்காரரின் புகார் வந்தது. வெளி எண்ணிலிருந்து கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு என் எண்ணே இல்லை என்று சொல்கிறதாம், பாருங்கள் என்றார். சின்னவள் பார்த்தாள். லிங்க் பச்சை. இரண்டு சந்திப்பும் பச்சை. அனுப்பிய உறை எல்லாவற்றுக்கும் கையெழுத்து, ஒன்றுகூடத் தொலையவில்லை. "சிக்னலிங் நலம்" என்று எழுதி மேல் அடுக்கில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தள்ளினாள். அவரும் பார்த்தார். கடைக்காரரின் எண் பதிவேட்டில் ஜம்மென்று இருந்தது. "பதிவேடு நலம்" என்று திருப்பித் தள்ளினார். கீழே நலம், மேலே நலம் என்றால் நடுவிலும் நலம்தானே என்று அவள் புகாரை மூடினாள். எக்ஸ்ரே என்று பெயர் வைத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

அதற்கு நாலு நாள் கழித்து, வீட்டில் சும்மா இருக்கிற அக்காவின் சிம்மையும் அவள்தான் தன் நெட்வொர்க்குக்கு மாற்றினாள். எண் அதே எண். ஊழியர் வீட்டாருக்குச் சலுகை உண்டு. "உன் ஆபீஸ் சிம்மா? அப்ப லைன் கட்டாகவே ஆகாது" என்று அக்கா அன்றைக்குச் சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

இன்னும் ஒன்று கண்ணில் பட்டது, அது படாமல் இருந்திருக்கலாம். முதல் இரண்டு அழைப்பிலும் எண் நாட்டுக் குறியீட்டோடு வந்திருந்தது. போனில் சேமித்து வைத்த பெயரைத் தொட்டுக் கூப்பிட்டால் அப்படி வரும். மூன்றாவதில் குறியீடு இல்லை, வெறும் எண். அதாவது மூன்றாவது தடவை அவர் கையால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தியிருக்கிறார். இடைப்பட்ட ஆறு நிமிஷம் என்ன செய்தார் என்று எந்த அடுக்கிலும் பதிவு இல்லை. எண்ணைச் சரிபார்த்து மீண்டும் டயல் செய்யவும் என்று, இல்லாத எண்ணைப் போட்டால் வருகிற பதிவுக் குரல் சொல்லும். யார் பேச்சையும் கேட்காத மனுஷன் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

சின்னவள் பச்சை விளக்கின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் விஷயத்தைத் தவிர. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை பேரும்மா அந்தப் பதிவேட்டுல?"

"பதினோராயிரம் சார்."

"ரெண்டு தடவை அடிச்சா ஒண்ணு போகுதுல்ல? போகலைன்னா இன்னொரு தடவை அடிப்பாங்க. ஜனங்களுக்கு அதெல்லாம் பழக்கம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப போய்த் தொட்டேன்னா, மேல இருக்கறவன் எப்பலேந்துன்னு கேப்பான், யாருன்னு கேப்பான். உன் பேரு, கீழ என் கையெழுத்து. மாசக் கடைசில பட்டியல் வேலை இருக்குல்ல, அதோட சேர்த்துப் போட்டுடு. யாருக்கும் தெரியாது."

"அதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு சார்."

"ரெண்டு மாசம் ஓடல?"

அவள் தலையாட்டினாள். அதை மறைத்துச் சொல்வதில் புண்ணியம் இல்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். நாற்பது நொடி வேலை. பட்டியலைத் திறந்து ஒரு வரி எழுதினால் முடிந்தது. அதற்கான அவசரக் கடவுச்சொல் அவளிடமே இருந்தது. எழுதவில்லை. தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே கிளம்பினாள். சோதனை போன், வேறு நெட்வொர்க் சிம் போட்டது, பையில் கிடந்ததை வழியில்தான் கவனித்தாள்.

அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன் மடியில். இவள் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"சொல்லு."

"கூப்பிட்டிருக்காருக்கா. மூணு தடவை."

அக்காவின் முகம் மலர்ந்ததைச் சின்னவள் சாகிற வரை மறக்க மாட்டாள். இருபத்திரண்டு நாளாக வெந்துகொண்டிருந்த முகம் ஒரு நொடியில் குளிர்ந்தது. அவள் சிரித்தாள். அழுதாள். போனை எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டாரா! எனக்குத் தெரியும்டீ. எனக்குத் தெரியும். வாய்தான் அப்படி, மனசு அப்படி இல்ல அவருக்கு." கண்ணைத் துடைத்தாள். "மூணு தடவையா?"

"மூணு தடவை."

இங்கேயே நிறுத்திவிடலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. டவர் கிடைக்கவில்லை, மழை, ஏதோ கோளாறு என்று ஒரு பொய். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அக்காவுக்கு இந்த முகம் மிஞ்சும். வாயைத் திறந்தாள். அதற்குள் அக்காவின் முகத்தில் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"எனக்கு ஏன் மணி அடிக்கல? போன் கையிலதானே இருந்துச்சு. அன்னிக்குக் காலையிலகூட நீ ஆபீஸ்லேந்து கூப்பிட்டே, பேசினோமே."

"நம்ம நெட்வொர்க்குக்குள்ள கூப்பிட்டா வேற வழி. வெளியிலேந்து வந்தா வேற."

"அப்ப அவருக்கு என்ன கேட்டிருக்கும்? எங்கேஜ்னு நினைச்சிருப்பாரா? எடுக்க மாட்டேங்கறான்னு நினைச்சிருப்பாரா?"

சின்னவள் பையிலிருந்து சோதனை போனை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். "உன் நம்பரைப் போடு" என்றாள்.

அக்கா போட்டாள். மடியில் இருந்த போன் மணி அடித்தது. அவள் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடுக்கா."

இரண்டாவது தடவையும் அடித்தது. மூன்றாவது தடவை மடியில் இருந்த போன் அடிக்கவில்லை. காதில் இருந்த போனில் ஒரு பெண்குரல், வெயில் மழை தெரியாத குரல், கூடத்தில் சின்னவளுக்கும் கேட்கிற அளவுக்குத் தெளிவாகச் சொன்னது. நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை. எண்ணைச் சரிபார்த்து மீண்டும் டயல் செய்யவும்.

அக்கா அதை முழுக்கக் கேட்டாள். மறுபடி போட்டாள், அடித்தது. மறுபடி போட்டாள், அந்தக் குரல். இந்தத் தடவை குரல் தானாக ஓய்கிற வரை காதிலிருந்து எடுக்கவில்லை.

"அவருக்கு மூணு தடவையும் இதுவா?"

"மூணு தடவையும்."

"நான் நம்பரையே மாத்திட்டு ஓடிட்டேன்னு நினைச்சிருப்பாரு." அக்கா இதைச் சின்னவளிடம் சொல்லவில்லை. மடித்து வைத்த துணியிடம் சொன்னாள். "அப்ப வருவேன்னு சொன்னேன். அப்ப பார்த்து நம்பரே இல்லன்னு..."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"இது யார் பண்ண வேலை?"

"நான்" என்றாள் சின்னவள். "ரெண்டு இடத்துல எழுதணும். ஒரு இடத்துலதான் எழுதினேன். சோதனை பத்துப் போடணும், ரெண்டு போட்டுட்டுப் பத்துன்னு எழுதிட்டேன். அப்புறம் ஒரு புகார் வந்துச்சு. அதையும் மூடிட்டேன்."

அன்றைக்கு ஏன் அவசரமாகக் கிளம்பினாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தன்னோடு போகட்டும் என்று நினைத்தாள்.

அக்கா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா சோதனை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் சரி பண்ணலியா?"

"இல்ல. மாசக் கடைசில பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"எனக்கு மட்டும்தான் இப்படியா?"

"பதினோராயிரம் பேருக்கு."

அக்கா அந்த எண்ணிக்கையை மனசில் வைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு சோதனை போனைத் தங்கையின் கையில் திணித்தாள்.

"பதினோராயிரம் பேருக்கு இப்படி இருக்கு. நீ இங்க என் முன்னால ஏன் உக்காந்திருக்க? எழுந்து போ."

அது போய் வேலையைப் பார் என்பதா, என் கண் முன்னால் நிற்காதே என்பதா என்று சின்னவள் கேட்டுக்கொள்ளவில்லை. எழுந்து போனாள்.

அலுவலகத்தில் அப்போது மாலை ஐந்தரை. பச்சை விளக்கு தன் அறையில் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அனுமதி கேட்கவில்லை. அவசரக் கடவுச்சொல்லைப் போட்டு இரண்டாவது சந்திப்பின் பட்டியலைத் திறந்து அந்த வரியை எழுதினாள். நாற்பது நொடிகூட ஆகவில்லை. காரணம் என்கிற கட்டத்தில், இரண்டு மாதம் முன்பு என் தவறால் விடுபட்டது, அன்று பத்துச் சோதனை போடவில்லை, இரண்டுதான் போட்டேன் என்று எழுதினாள். பதிவேட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படி உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறே?" என்றார்.

சுவரில் எதுவும் மாறவில்லை. முன்னாலும் எல்லாம் பச்சை. இப்போதும் எல்லாம் பச்சை.

சோதனைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். புதுப் பதிவேட்டில் இருக்கிற ஏதாவது ஒரு எண்ணுக்குப் பத்து அழைப்பு. சோதனைக்கென்று தனி எண் உண்டு. அதைப் போடாமல் அக்காவின் எண்ணைப் போட்டாள்.

ஒன்று. மணி அடித்தது. இரண்டாவது சந்திப்பு வழியாகப் போனது திரையில் தெரிந்தது. எல்லா உறையும் பிரிந்து, கேள்வி போய்ச் சேர்ந்து, பதில் வந்து, பன்னிரண்டு தெரு தள்ளி ஒரு கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அக்கா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் படிவத்தில் 'ஆம்' என்று எழுதினாள்.

இரண்டு. ஆம். மூன்று. ஆம். மூன்றாவது முடிந்ததும் சின்னவள் போனை மேஜையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பதிவேட்டுக்காரர் நாற்காலியை மெதுவாக நகர்த்திக்கொண்டு தள்ளிப் போனார். அழுது முடித்து நாலாவதைப் போட்டாள். ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றும் அடித்தது. ஒவ்வொன்றையும் கடைசி மணி வரை கேட்டாள். எட்டு. ஒன்பது.

பத்தாவதை அக்கா எடுத்தாள். மூச்சு கேட்டது. பின்னால் சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும் கேட்டது.

"சரியாயிடுச்சா?" என்றாள் அக்கா.

"ஆயிடுச்சுக்கா."

"எத்தனை தடவை போட்டுப் பார்த்த?"

"பத்து."

"சரி" என்று அக்கா வைத்துவிட்டாள்.

படிவத்தில் பத்தாவது கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, பச்சை விளக்கின் மேஜைமேல் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, சின்னவள் வீட்டுக்கு நடந்தாள். பூட்டியிருந்தது. சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. கூடத்தில் சின்னவளுடைய துணிகள் மட்டும் மடித்து அடுக்கியிருந்தன. அலமாரிமேல் இருந்த அக்காவின் பெட்டி இல்லை. அக்கா சொன்ன சொல்லை மீறி அந்தப் படி ஏறப் போயிருக்கிறாள்; டாக்டர் சீட்டைக் காட்ட வேண்டியவர்தான் இல்லை.

சாப்பாட்டு மேஜையில், தினமும் போனை வைக்கிற இடத்தில், அக்கா தன் சிம்மைக் கழற்றி வைத்திருந்தாள். பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்திருந்தாள்.

சின்னவள் பையிலிருந்து சோதனை போனை எடுத்து அந்த எண்ணை ஒருமுறை போட்டாள். நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் இப்போது தொடர்பில் இல்லை என்று அதே பெண்குரல் சொன்னது. இந்தத் தடவை அது சொன்னது சரிதான்.